ரெஜீனின் மூக்கு

பார்ஃப்ளர் துறைமுகத்தில் ரெஜீன் வோத்தியேயிடம் தலையைக் கொடுக்காத பெண்கள் குறைவு. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, முடி உலர்த்தும் இயந்திரம் ஒன்று. இயந்திரத்துக்கு அடியில் தலையை வைத்தவளுக்கு வெளியே பேசுவது காதில் விழாது. அதனால் அடுத்த நாற்காலியில் இருப்பவள் அவளைப் பற்றியேதான் பேசுவாள். நான் பக்கத்து வீடு. எனக்கு இரண்டு நாற்காலியும் பழக்கம்.

முடி வெட்டிக்கொள்ள வந்தாலும் பாதிப் பேர் கேட்டது சமையலைத்தான். 'ரெஜீன், நாக்கு மீனுக்குப் பாலாடை ஊத்தினா எனக்கு ஏன் திரியுது?' 'ரெஜீன், முட்டை நுரை ஏன் அமுங்குது?' கத்தரியை நிறுத்தாமல் பதில் சொல்லுவாள். இளவயதில் தோவில் என்கிற ஊரில் பெரிய ஓட்டல் ஒன்றில் அறை துடைக்கிற வேலை பார்த்தவள். அங்கே சாஸ் கிண்டுகிற சமையல்காரன் ஒருவன் இவள்மேல் பித்தாக இருந்தானாம். "மோதிரம் கொடுக்க வந்தான். நான் சாஸை மட்டும் கத்துக்கிட்டு ஊருக்கு வந்து லூசியனைக் கட்டிக்கிட்டேன்" என்பாள். லூசியன் மீன் பிடித்தவன். முதுகு போனபிறகு படகை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டு, துறைமுகச் சுவரில் உட்கார்ந்து எல்லாருடைய படகுக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டு மேசையில் எனக்கு ஓர் இடம் உண்டு. என் கணவர் இறந்த வருஷத்திலிருந்தே உண்டு. விசிறி போன்ற ஓட்டில் வெந்து மேலே பொன்னிறமாகப் பிடித்த சிப்பி, ஆப்பிள் மதுவில் வற்றிய சாறு, கடைசியில் வாயில் வைத்தால் இல்லாமல் போகிற ஏதாவதோர் இனிப்பு. சாதாரணத் தட்டு, சாதாரண மேசைத்துணி. ஆனால் சாப்பாடு மட்டும் மாளிகையில் வைக்கவேண்டியது.

இதற்கெல்லாம் காரணம் அவள் கை என்று ஊர் சொன்னது. அவள் மட்டும் மூக்கு என்பாள். வெண்ணெய் உருகி, நுரை அடங்கி, வறுத்த கொட்டை வாசம் வருகிற நொடி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் எடுத்தால் வெறும் வெண்ணெய், பின்னால் எடுத்தால் கரி. அந்த நொடியை அவள் முன்னறையில் யாருக்காவது முடி வெட்டிக்கொண்டே பிடித்துவிடுவாள். கத்தரியைக் கீழே வைத்து, "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போவாள். சரியாக இருக்கும்.

அந்த வருஷம் ஜனவரியில் ஊரையே ஒரு காய்ச்சல் போட்டு எடுத்தது. ரெஜீனும் படுத்தாள், எழுந்தாள். எழுந்த வாரமே எனக்கு முடியைச் சுருளாக்கும் மருந்து போட்டுவிட்டாள். அந்த மருந்தின் மூடியைத் திறந்தாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அவள் கிண்ணத்தின்மேல் முகத்தைக் கவிழ்த்து, கேக் மாவு பார்ப்பவள் மாதிரி அமைதியாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டவில்லை. பழக்கம் என்று நினைத்தேன்.

பழக்கம் இல்லை. அவளுக்கு மணமே போய்விட்டிருந்தது. இதெல்லாம் பிறகு அவளே எனக்குச் சொன்னது. முதலில் காப்பியைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், மலிவு சரக்கு என்று. அப்புறம் ஒருநாள் பாத்திரம் கழுவும் தொட்டியில் வெளுப்பு மருந்தை ஊற்றிக் குனிந்து மூச்சை இழுத்திருக்கிறாள். தொண்டை எரிந்தது, வாடை இல்லை. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. மிச்சமெல்லாம் ஈரத்துணியைக் கடிப்பது போல. ஷெர்பூருக்குப் போய் மூக்கு மருத்துவரைப் பார்த்தாள். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் அவர். லூசியனிடம் திரைச்சீலைத் துணி வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். அதனால் துணியும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைப் பீங்கான் பூச்சுள்ள வாணலி ஒன்று வாங்கினாள், வெண்ணெயின் நிறம் தெரியட்டும் என்று. கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்தாள். கருகியதைத் தோட்டத்தில் புதைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்பங்கரைக்குள் நுழையவிடாத லூசியனை, "இங்க வா, இதைக் கொஞ்சம் ருசி பார்த்துச் சொல்லு" என்று கூப்பிட ஆரம்பித்தாள். லூசியன் துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "வயசாக வயசாக அவளுக்கு என்மேல ஆசை கூடுதுய்யா. கரண்டிய நீட்டி, ஊதி ஊதிக் கொடுக்கறா."

இப்படி இருக்கையில்தான் கொராலி தொலைபேசியில் கூப்பிட்டாள். ரெஜீனுக்கு ஒரே மகள். கான் நகரத்தில் வேலை. பாஸ்தியன் என்கிற பையனுடன் இருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம், ஜூனில் கல்யாணம். ஈஸ்டருக்கு அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்றாள்.

"வரட்டுமே" என்றாள் ரெஜீன்.

"அம்மா, அவங்க சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் ஒரு மாதிரி."

"ஒரு மாதிரின்னா? குறை சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. தட்டுல மிச்சம் வைப்பாங்க."

அதைக் கேட்டபிறகு ரெஜீன் சரியாகத் தூங்கவில்லை.

நாக்கு மீன் என்று முடிவு செய்திருந்தாள். வெள்ளைச் சதை, வெண்ணிறச் சாறு, கண்ணால் பார்த்தே சமைத்துவிடலாம். ஆனால் புனித வாரத்தில் வடகிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. வியாழனோடு படகுகள் சுவருக்குள்ளேயே கிடந்தன. சனிக்கிழமை சாயங்காலம் லூசியன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தான். நான் அங்கேதான் உருளை உரித்துக்கொண்டிருந்தேன்.

"நாக்கு மீன் ஒண்ணும் இல்ல. அண்ணன் மவன் இதைத்தான் வச்சிருந்தான்" என்று மூடியைத் திறந்தான். திருக்கை. இரண்டு பெரிய இறக்கைகள், பனிக்கட்டி மேலே.

திருக்கையைப் பற்றி மீன் தின்கிற யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. நாள் கடந்துபோனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும், மூத்திரச் சந்து போல.

"எப்பப் பிடிச்சது?" என்றாள் ரெஜீன்.

"வியாழனா இருக்கும். பனியிலதான் வச்சிருந்தானாம். நீயே பாரேன்." வழக்கம்போல பெட்டியை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

அவள் குனிந்தாள். மூச்சை இழுத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தாள். "சரி, உள்ள வை" என்றாள்.

லூசியன் போனதும் இறக்கையை விரலால் அழுத்திப் பார்த்தாள். தோலின் வழவழப்பைத் தேய்த்துப் பார்த்தாள். வினிகர் தண்ணீரில் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். "உனக்கு எப்படித் தெரியுது?" என்று என் பக்கம் தட்டை நகர்த்தினாள்.

"நீ பார்த்தாச்சே, அப்புறம் நான் என்ன பாக்கறது?" என்றேன். உருளைக்கிழங்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் பூசை முடிந்து நான் போகும்போது கார் வந்துவிட்டிருந்தது. பாஸ்தியனின் அம்மா மதாம் எலியான் ப்ரெவோ உயரமான பெண். கானில் சொந்தமாக மருந்துக்கடை. சாம்பல் நிறப் பட்டுப் பாவாடை, கழுத்தில் ஒற்றை முத்து, அறை முழுக்க நிறைகிற செண்ட். பாஸ்தியன் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொராலி தானே போய் அடுப்பங்கரைக் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இந்த மாசத்திலும் அவளுக்குக் குமட்டல் விடவில்லை. எழுந்து ஓடுவதற்கு அதுதான் வசதி. நான் மேசையின் மறுகோடியில், பாதி திறந்த சன்னலுக்குப் பக்கத்தில். சம்பந்தியம்மாள் எனக்கு அடுத்து.

சிப்பி நன்றாகவே போனது. மதாம் ப்ரெவோ ஓட்டை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, "இதுல ஜாதிக்காய் சேத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ரெஜீன் முகம் வெளுத்தது. "கொஞ்சம்" என்றாள். "தூக்கலா இருக்கா?"

"இல்ல, இல்ல. கேட்டேன்." அந்தம்மாள் சிரித்தாள். எந்தச் சிரிப்பு என்று சொல்ல முடியவில்லை.

ரெஜீன் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். சம்பந்தியம்மாளும் எழுந்தாள். "நான் உள்ள வந்து பாக்கலாமா? எங்க பையன் வாரத்துல மூணு தடவை உங்க வெண்ணெயைப் பத்தித்தான் பேசறான். எனக்கே கொஞ்சம் பொறாமையா இருக்கு."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இருவரும் உள்ளே போனார்கள். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

திருக்கை வினிகர் நீரில் ஏற்கெனவே வெந்து தட்டில் இருந்தது. ரெஜீன் வெள்ளை வாணலியில் வெண்ணெயைப் போட்டாள். அது உருகியது, பொரிந்தது. "எப்ப எடுக்கணும்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டது சம்பந்தியம்மாள் குரல்.

"மூக்கு சொல்லும்."

 வெண்ணெய்ச் சத்தம் மட்டும். அந்தம்மாள் அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவே நின்றதால் வாணலியில் நிழல் விழுந்து நிறம் தெரியவில்லை என்று ரெஜீன் பின்னால் சொன்னாள். தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கடிகாரம் அந்தம்மாளின் தலைக்குப் பின்னால் இருந்தது.

"இப்பவே வாசனை வந்துடுச்சே" என்றாள் மதாம் ப்ரெவோ.

வாணலி சடாரென்று அடுப்பிலிருந்து எழுந்த சத்தம் கேட்டது. "ஆமா, இதேதான்" என்றாள் ரெஜீன். குரல் சரியில்லை. லூசியன் அதற்குள் மூன்றாவது கோப்பை வெள்ளை மதுவில் இருந்தான், கவனிக்கவில்லை.

பரிமாறப் போகும் அவசரத்தில், கடைசி இனிப்புக்கான பாலைப் பின் அடுப்பில் சின்னத் தீயில் வைத்தாள். கஸ்டர்ட் கிண்டி, அதன்மேல் முட்டை நுரைத் தீவுகளை மிதக்கவிட்டு, சர்க்கரைப் பாகை நூலாகச் சுற்றுவது அவளுடைய பெருமை. மீன் வாடை மேசைக்கு வரக்கூடாது என்று வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். மற்ற நாளாக இருந்தால் பால் பாத்திரத்தில் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், எத்தனை கதவு சாத்தியிருந்தாலும்.

திருக்கை வந்தது. மேலே சிவந்த வெண்ணெய், புளித்த கேப்பர் மொட்டுகள், நறுக்கிய இலை. நான் ஒரு வாய் வைத்தேன். நன்றாக இருந்தது. ரெஜீன் சாப்பிடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். லூசியன் முகம், பாஸ்தியன் முகம், அதைவிட அதிகமாகச் சம்பந்தியம்மாளின் முள்கரண்டி. மாப்பிள்ளைப் பையன் வேலையைப் பற்றி ஏதோ சொன்னான். லூசியன் காற்றைப் பற்றி ஏதோ சொன்னான். கொராலி இரண்டு வாய் சாப்பிட்டாள், மூன்றாவதை எடுத்தவள் நிறுத்தினாள்.

"அம்மா, ஏதோ வாடை வருது."

ரெஜீன் கை மேசைத்துணியைப் பிடித்தது. "என்ன வாடை?"

"தெரியல. கெட்ட வாடை."

பாஸ்தியன் சிரித்தான். "நேத்து என் சட்டைல வாடைன்னு சொன்னா. முந்தாநாள் படிக்கட்டுல. அத்தை, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. இப்ப இவளுக்கு உலகமே நாறுது."

"மூணு மாசம் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் மதாம் ப்ரெவோ. "நீ சாப்பிடும்மா."

"இல்ல, நெஜமாவே வருது" என்று கொராலி தட்டை நகர்த்தினாள்.

மதாம் ப்ரெவோவும் முள்கரண்டியைத் தட்டின் ஓரமாக வைத்தாள். மரியாதைக்கு வைத்தாளா, போதும் என்று வைத்தாளா தெரியாது. பாதி மீன் அப்படியே இருந்தது.

அதைப் பார்த்தாள் ரெஜீன். எழுந்தாள். "யாரும் சாப்பிடாதீங்க" என்றாள்.

லூசியன் நிமிர்ந்தான். "என்ன?"

"மீனை வைங்க. எல்லாரும் வைங்க. மதாம், தயவுசெஞ்சு வாயில வைக்காதீங்க. கொராலி, முழுங்கிட்டியா? எவ்வளவு முழுங்கினே?"

"ரெஜீன், நல்லாத்தானே இருக்கு" என்று லூசியன் அடுத்த வாயை எடுத்தான். அவள் மேசையைச் சுற்றி வந்து அவன் தட்டைப் பிடுங்கினாள். பிறகு என்னுடையது, பாஸ்தியனுடையது. சம்பந்தியம்மாளின் தட்டை இழுத்தபோது அது சாய்ந்து, சிவந்த வெண்ணெய் அத்தனையும் பட்டுப் பாவாடையில் போய் விழுந்தது.  கேப்பர் மொட்டுகள் மேசைத்துணியில் உருண்டு நின்றன. ரெஜீன் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. தட்டுகளைக் கைமேல் அடுக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். காலால் கதவைச் சாத்தினாள்.

"இப்படி அவ செஞ்சதே இல்ல" என்றான் லூசியன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. மதாம் ப்ரெவோ கைத்துணியால் பாவாடையை ஒற்றினாள். பாஸ்தியன் கூரையைப் பார்த்தான். எனக்கு உள்ளே போகலாமா வேண்டாமா என்றிருந்தது. என் மூக்கில் பட்டதெல்லாம் சன்னல் வழியாக வந்த கடல் காற்றும் பக்கத்து செண்ட்டும்தான்.

உள்ளே நடந்ததை ரெஜீன் பின்னால் எனக்குச் சொன்ன விதமாகவே சொல்கிறேன். "தட்டைத் தொட்டியில வச்சேன். மகளுக்கு விஷத்தைக் கொடுத்துட்டேன்னு நினைச்சேன். அப்புறம், வந்தவங்களுக்கு ஏதாவது கொடுக்கணுமே, முட்டை இருக்கு, ஆம்லெட் போட்டா என்னன்னு நினைச்சேன். அடுப்பைப் பார்த்தா பால் பொங்கி வழிஞ்சிருக்கு. தொடைக்கணும்னு நினைச்சேன். தீ அணைஞ்சிருக்கு. பத்தவைக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன். தலை சுத்துச்சு. வெக்கத்துலதான் சுத்துதுன்னு நினைச்சேன்."

தீப்பெட்டி சன்னல் விளிம்பில் இருந்தது.

வெளியே லூசியன் எழுந்தான். மனசு சரியில்லாவிட்டால் கொல்லைப்பக்கம் போய்ப் புகைப்பது அவன் வழக்கம். கொல்லைக்கு வழி அடுப்பங்கரை. சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, கையில் லைட்டரை உருட்டிக்கொண்டு கதவை நோக்கி வந்தான். அவன் எட்டுவதற்குள் கொராலி நாற்காலியிலிருந்து எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

கதவு திறந்ததும் அந்த வாடை அறைக்குள் வந்தது. இந்தத் தடவை எனக்கும் வந்தது.

ரெஜீன் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடதுகையில் தீப்பெட்டி. வலதுகையில் குச்சி, உரசுகிற பக்கத்தில் வைத்தபடி. எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

கொராலி கத்தவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம். குழந்தையிடம் பேசுவது போலப் பேசினாள். "அம்மா, உரசாதே. கேஸ். கையைக் கீழ விடு." தலையைத் திருப்பாமலேயே, "அப்பா, லைட்டரைப் பத்தவைக்காதே" என்றாள்.

ரெஜீன் கையை அசைக்கவில்லை. கேட்டதை நம்பவில்லை என்று நினைக்கிறேன். அறை அவளுக்குச் சுத்தமாக இருந்ததே. குச்சியின் மருந்து முனை பெட்டியைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மா."

விரல்கள் திறந்தன. குச்சி தரையில் விழுந்தது.

லூசியன் நாற்பது வருஷம் படகில் இருந்தவன். கேஸில் வெடித்த படகைப் பார்த்தவன். முதுகுவலியெல்லாம் எங்கே போனதோ, மகளைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனான். சிலிண்டரைத் திருகி மூடினான். கொல்லைக் கதவையும் சன்னலையும் திறந்தான். "யாரும் சுவிட்சைத் தொடாதீங்க. வாசல் வழியா வெளிய போங்க. இப்பவே" என்றான். ரெஜீனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவனும் வந்தான்.

வீட்டுக்கு முன்னால் காற்றில் நின்றோம். வடகிழக்குக் காற்று அன்றும் ஓயவில்லை. கொராலி வயிற்றில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பாஸ்தியன் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான். எதிர்வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"உனக்கு வாடையே வரலியா?" என்றான் லூசியன்.

"வரல."

"எப்படி வராம இருக்கும்? புகை பிடிச்சுப் பிடிச்சு மூக்கு செத்துப்போன எனக்கே வருது."

"எனக்கு எதுவும் வர்றதில்ல, லூசியன். ஜனவரிலேர்ந்து. காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நேத்து மீனை மோந்தே."

"மோந்தேன்."

"சரின்னே."

"ஆமா."

கொராலிதான் அடுத்துப் பேசினாள். இப்போதுதான் அவள் குரல் நடுங்கியது. "என் வயித்துல குழந்தை இருக்கும்மா."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல. மூக்கு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னம்மா? ரொட்டியும் சீஸும் தின்னுட்டுப் போயிருப்போமே."

 ரெஜீனிடம் பதில் இருந்தது, எனக்குத் தெரியும். சமையலும் போனால் நான் யார் என்பதுதான் அது. ஆனால் வெடித்திருக்கவேண்டிய ஒரு வீட்டின் வாசலில் நின்றுகொண்டு அதை யாரால் சொல்ல முடியும்?

லூசியன் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு துறைமுகம் பக்கம் நடந்தான். 

வீடு காற்றாடியதும் மதாம் ப்ரெவோதான் முதலில் உள்ளே போனாள். தொட்டியில் கிடந்த தட்டுகள்மேல் குனிந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். வாசலில் வந்து நின்று, "மீன் நல்ல மீன்தான்" என்றாள்.

"என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்" என்றாள் ரெஜீன்.

"நான் மருந்துக்கடைக்காரி. இதுல பொய் சொல்ல மாட்டேன். மீன்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பாதியையும் சாப்பிட்டிருப்பேன், ஜாதிக்காயே வயித்தை நெறச்சிருச்சு."

ரெஜீன் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்ப தூக்கல்தான்."

"தூக்கல்தான்."

அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். கொராலி அம்மாவுக்கு முத்தம் கொடுத்தாள். கன்னத்தில் படாத முத்தம். முட்டை நுரைத் தீவுகள் கிண்ணத்திலேயே தண்ணீர் விட்டு அமுங்கிப்போயின. யாரும் தொடவில்லை.

லூசியன் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினான். அதுவரை நான் ரெஜீனுடனேயே இருந்தேன். வந்து மேசையில் உட்கார்ந்தான். கத்துவான் என்று நினைத்தேன்.

"கரண்டிய நீட்டி ருசி பார்க்கச் சொல்லுவியே" என்றான். "அது ஆசைன்னு நினைச்சேன்."

ரெஜீனுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் சமையல் வாசனை வரவில்லை. லூசியன் துறைமுகத்தில் ரொட்டிக்குள் எதையோ வைத்துத் தின்றுகொண்டிருந்தான். பிறகு ஒருநாள் ஷெர்பூரிலிருந்து வண்டியில் மின்சார அடுப்பு வந்து இறங்கியது. பழைய சிலிண்டரை அவனே தோளில் தூக்கி வெளியே வைத்தான். ரெஜீன் முன்னறையில் யாருக்கோ தலை கழுவிக்கொண்டிருந்தாள். "அடுப்பு எங்க வைக்கட்டும்?" என்று அவன் கேட்டான். "பழைய இடத்துலயே" என்றாள் அவள். அவர்கள் மறுபடி பேசத் தொடங்கியது இப்படித்தான்.

கொராலிக்குக் கோபம் ஆற நாளானது. ஜூனில் கல்யாணம் நடந்தது. சாப்பாட்டுக்கு வெளியே சொல்லிவிட்டார்கள். ரெஜீன் மணப்பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்தாள். அன்று காலையில், நாங்கள் யாரும் எதிர்பார்க்காமல், மதாம் ப்ரெவோவும் வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாவாடையில வெண்ணெய்க் கறை போச்சா?" என்று கேட்டாள் ரெஜீன், சீப்பை எடுத்தபடி.

"போகல. தூக்கிப் போட்டுட்டேன்."

"வேற வாங்கித் தர்றேன்."

"வேண்டாம். தலையைக் கெடுக்காம விட்டாப் போதும்."

கண்ணாடியில் கொராலி சிரிப்பதைப் பார்த்தேன். ஈஸ்டருக்குப் பிறகு அம்மா வீட்டில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கியதும் எல்லாரும் செய்வது போல ரெஜீனும் அதன் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்தாள்.  வழியில் என்னிடம், "எப்படி இருந்துச்சு வாசம்? நீ மோந்தியா?" என்று மட்டும் கேட்டாள். வெதுவெதுப்பான ரொட்டி மாதிரி என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் மறுபடி நடக்கிறது. திருக்கை மட்டும் இல்லை. லூசியன் சிகரெட்டை விட்டுவிட்டான், மூக்கு வேலைக்கு வந்தவன் புகைக்கக்கூடாது என்று அவள் சொன்னதால். சன்னல் வழியாக எனக்குக் கேட்கும். "இப்ப?" "இன்னும் இல்ல." "இப்ப?" "கொஞ்சம் இரு." "லூசியன், கருகுதா?" "நீ பேசிக்கிட்டே இருந்தா நான் எப்படி மோப்பேன்?" பாதி நாள் கருகுகிறது. பாதி நாள் பச்சை வெண்ணெய். எப்போதாவது ஒருநாள் சரியாக வருகிறது. அப்போது இருவரும் சண்டை போடாமல் சாப்பிடுகிறார்கள்.

அக்டோபரில் குழந்தையைப் பார்க்க கானுக்குப் போனோம். மதாம் ப்ரெவோ வீட்டில் சாப்பாடு. அவளே சமைத்திருந்தாள், சால்மன் மீன். அவித்து அவித்து உயிரை எடுத்திருந்தாள். மேலே வெளிறிய சாறு ஒன்று, அதில் பச்சை மாவு வாசம். நான் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். லூசியன் ரொட்டிக்கு அடியில் ஒளித்தான். ரெஜீன் மட்டும் நிதானமாக, ஒரு துண்டு விடாமல், தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். சம்பந்தியம்மாள் அந்தக் காலித் தட்டையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் ரெஜீன் சாப்பிட்டாள்.

திரும்பும்போது காரில் லூசியன் கேட்டான். "எப்படி இருந்துச்சு?"

"தெரியாதே" என்றாள் ரெஜீன். "உப்பு சரியா இருந்துச்சு."

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றாள். "பாதைய பாத்து ஓட்டு."